கடல்கட்டியும் கண்காணாக் கிருமியும்

மூச்சடக்கி முத்துக் குளித்தவனைச் சுறாவிடமிருந்து காத்தது எது? கயிறு பிடித்தவனின் விழிப்பா? அன்று! மந்திரம் முணுமுணுத்த 'கடல்கட்டி' என்றது ஊர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றிக் கூறிய மார்க்கோ போலோ, மீனை மந்திரத்தால் கட்டிய பிராமணருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு சென்றதெனக் குறித்தார். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரையிலே அதே தொழிலைச் செய்தவர் ஒரு கத்தோலிக்கர்! மந்திரத்துக்கு மதமேது, தோழர்களே?

தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. கடல்கட்டி மறைந்தார். மந்திர நம்பிக்கை மறைந்ததா? சளி பிடித்தாலும் மருந்துக் கடைக்கு ஓடி, கிருமிக்கொல்லி மாத்திரை இரண்டை வாங்கி விழுங்குகிறோம். சளியை உண்டாக்குவது வைரஸ். அம்மாத்திரை கொல்வதோ பாக்டீரியாவை! மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்ற விதி 2014-இல் மேலும் இறுக்கப்பட்டும் பழக்கம் போகவில்லை.

பெனிசிலினை 1928-இல் கண்ட பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்ற உரையிலேயே எச்சரித்தார்: குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகும் என்று. பழகுதல் என்பதும் பேச்சுக்குத்தான். நலிந்தவை மடிய, தாங்குபவை தப்பிப் பெருகுகின்றன. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு, ஒரு நோயாளியின் குடலுக்குள்ளேயே சில நாட்களில் நடந்து முடிகிறது.

காட்டு விலங்கு எந்த மருந்துக் கடைக்குப் போயிற்று? ஆயினும் அதனிடமும் இக்கிருமிகள் உள்ளன. ஐரோப்பிய முள்ளெலிகளின் தோலில் வாழும் பூஞ்சை பெனிசிலின் போன்ற பொருளைச் சுரக்கிறது. அதை எதிர்த்து நிற்கும் பாக்டீரியா, மனிதன் பெனிசிலினைக் காணுமுன்பே அங்கு தோன்றியதென 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் மனிதன் குற்றமற்றவனா? கென்யாவின் அம்போசெலியிலே பபூன் குரங்குகளை ஆராய்ந்தனர். முடிவு 1985-இல் வெளிவந்தது. காட்டில் இரை தேடியவற்றைவிட, மனிதர் கொட்டிய குப்பையைத் தின்றவற்றிடமே எதிர்ப்புக் கிருமிகள் மிகுந்திருந்தன. குப்பைமேடே சாட்சி!

நம் நாட்டுச் செய்தியும் உண்டு. 2008-இல், புதுதில்லி மருத்துவமனையில் இருந்து சுவீடன் திரும்பிய நோயாளி ஒருவரிடம், வலிய மருந்துகளையும் முறிக்கும் மரபணு கண்டறியப்பட்டது. அதற்குப் புதுதில்லியின் பெயரையே வைத்தனர். 2010-இல் வந்த ஆய்வு அதைச் சென்னையிலும் கண்டது. பெயர் தலைநகருக்கு இழுக்கென்று ஆட்சியாளர் கொதித்தனர். பெயரைப் பற்றிய கொதிப்பு நியாயமாகவே இருக்கலாம். கிருமியின் மீது அக்கொதிப்பில் பாதியேனும் எழுந்திருக்க வேண்டாமா? வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்ட் தீவில் 2013-இல் எடுத்த மண்ணிலும் அதே மரபணு இருந்ததென 2019-இல் அறிவித்தனர். பறவைகளின் எச்சமோ, அங்கு சென்ற மனிதரோ கொண்டு சேர்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

வலசைப் பறவைகள் தூத்துக்குடி உப்பளங்களுக்கும் வருகின்றன. பாரின்மேல் கிடக்கும் முத்துச்சிப்பி, நகரின் கழிவுநீர் கலந்தாலும் கலவாவிட்டாலும், கடல்நீரை ஓயாது வடிகட்டியே உண்கிறது. நீரிலுள்ள பாக்டீரியா அதன் உடலிலே தங்குகிறது. சங்கு குளிப்போர் இன்றும் அக்கடலில்தான் இறங்குகின்றனர். சிப்பியின் விளிம்பு கையைக் கிழித்தால், அந்தப் புண்ணுக்கு இடவும் மருந்து வேண்டும்.