முப்புரி நூலும் ஒரு சென்னை வரைபடமும்

திருப்பூரில் வாழ்வோர்க்கு முறுக்கு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. தையல் நூலுக்கு மூன்று இழைகளைச் சேர்க்கையில், இழைகள் தனித்தனியே எப்பக்கம் முறுக்கப்பட்டுள்ளனவோ அதற்கு எதிர்ப்பக்கமாகவே மூன்றையும் சேர்த்து முறுக்குவர். இல்லையேல் புரி பிரிந்துபோகும். நம் தோலையும் எலும்பையும் தசைநாணையும் தாங்கும் கொலாஜன் என்ற புரதமும் அவ்வாறே அமைந்தது. இடப்பக்கம் சுருண்ட மூன்று சங்கிலிகள் வலப்பக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. இம்முப்புரியைக் கண்டு சொன்ன ஆய்வுக்கூடம் சென்னையில் இருந்தது. இலக்கியம் பயில்வோராகிய நாம் இதை அறியாதிருந்தது சற்று நாணத்துக்குரியதே.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றார். அங்கு வருகை தந்த ஆங்கிலேய அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்றார். அண்மையிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது நல்லூழ். கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. எக்ஸ் கதிர்ப் படங்கள் தெளிவாக விழுந்தன. கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954இல் 'நேச்சர்' இதழில் மூன்று சங்கிலி அமைப்பை வெளியிட்டார். எதிர்முறுக்கு மறு ஆண்டில் சேர்ந்தது.

உடனே மறுப்பும் எழுந்தது. அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் முப்புரியை ஏற்றனர். ஆனால் சென்னை அமைப்பில் சில அணுக்கள் தகாத அளவுக்கு நெருங்கியுள்ளன என்றனர். இவ்விடத்தில்தான் ராமச்சந்திரன் நம் மதிப்பில் உயர்கிறார். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளைத் துருவி அளவுகளைத் திரட்டினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் தாராளமாகத் திரும்பக்கூடியவை இரண்டே கோணங்கள். அவற்றை எப்படித் திருப்பினாலும் பெரும்பாலான நிலைகளில் அணுவோடு அணு முட்டும். முட்டாத சில பகுதிகளை மட்டும் குறித்த படத்தை, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்டார். ராமச்சந்திரன் வரைபடம் என உலகம் வழங்குவது அதுவே. (கொலாஜன் வழக்கில், ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை பற்றிய கருத்து பின்னர் எதிர்த்தரப்புக்கே பெரிதும் சாதகமாயிற்று. அதை மறைத்துப் பெருமை பேசுவது முறையன்று.)

இன்று புரதங்களைப் படிகமாக்கும் சிரமம் பலவிடத்துக் குறைந்துவிட்டது. கரைசலை நொடியில் உறையச்செய்து, கண்ணாடி போன்ற பனியில் நிற்கும் மூலக்கூறுகளை எலக்ட்ரான் கற்றையால் படமெடுத்து, மங்கலான இலட்சக்கணக்கான உருக்களைக் கணினியில் ஒன்றுகூட்டுகின்றனர். உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியியல் எனலாம். தூபோஷே, பிராங்க், ஹெண்டர்சன் ஆகிய மூவர் இதற்காக 2017இல் நோபல் பெற்றனர். கொரோனா நுண்மியின் முள்புரதம் 2020இன் தொடக்கத்தில் வெளிப்பட்டதும் இவ்வழியில்தான்.

ஆயினும் அக்கருவி தருவது பல சமயம் சற்றே கலங்கிய முகில். அதனுள் சங்கிலியைப் பொருத்துவோர் மனிதரும் கணினியும். பொருத்தியது நம்பத்தக்கதா என்று பார்க்கச் சென்னையின் 1963ஆம் ஆண்டுப் படத்தையே முன்வைக்கின்றனர். இதில் ஒரு சிக்கலும் உண்டு. அமைப்பைச் செப்பனிடும்போதே மென்பொருள் அப்படத்தை விதியாகக் கைக்கொண்டால், பின்னர் அதே படம் தரும் நற்சான்றுக்கு மதிப்புக் குறையும். சாட்சியமும் தீர்ப்பும் ஒரே கையால் எழுதப்பட்ட வழக்கு அது. ஆகவே வேறு சோதனைகளையும் இன்று சேர்த்தே கேட்கின்றனர்.

ராமச்சந்திரன் 2001இல் சென்னையில் மறைந்தார். இந்நுண்ணோக்கி அணுவளவுத் தெளிவை நெருங்கியது அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னரே.