இரும்பைத் துறந்த மோட்டார்

1970-ல் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம், டெக்னிக்ஸ் என்ற பெயரில் எஸ்பி-10 டர்ன்டேபிளை வெளியிட்டது. அதுவரை இந்தத் தொழிலில் இருந்தவர்கள் மோட்டாரை இசைத்தட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்றுதான் யோசித்தார்கள். மட்சுஷிட்டாவின் பொறியாளர் ஷுயிச்சி ஒபாட்டாவும் அவருடைய சகாக்களும் அதைச் சுழல்தட்டுக்கு நேர் அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். துணிச்சலான காரியம்.

மோட்டாரைக் கண்டு அத்தனை பயம் ஏன்? எல்பி தட்டில் கீழ்ச்சுரங்களை உள்ளபடியே வெட்டினால் பள்ளங்கள் அகன்று இடம் போதாது. அதனால் அவற்றை அடக்கி வெட்டுவார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அவற்றைத் தூக்கிக் கொடுக்கும். 1,000 ஹெர்ட்ஸுடன் ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்பது மடங்கு. மோட்டாரின் அதிர்வும் அந்தப் பகுதியில்தான் குடியிருக்கிறது. நடுங்குவது பள்ளமா மோட்டாரா என்று ஊசிக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தே பெரிதாகும்.

1950களில் புகழ்பெற்ற இங்கிலாந்தின் கரார்ட் 301-ல் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்று ஓடும். அந்த வேகத்தை ஒரு ரப்பர் சக்கரம் தட்டுக்குக் கடத்தும். 1,500 சுற்று என்றால் நொடிக்கு 25. ஆம்ப்ளிஃபயர் தூக்கிவிடும் இடமும் சரியாக அதுவே. உறுமல் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1961-ல் அமெரிக்கர் எட்கர் வில்ச்சர் சிறிய மோட்டார், ரப்பர் பெல்ட், ஸ்பிரிங்கில் தொங்கும் சட்டகம் என்று அதிர்வு தட்டுக்கு வரும் வழியை அடைத்தார். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது, அத்தனை எளிமை. ஆனால் பெல்ட் நாளடைவில் தளரும். தட்டு வேகம் பிடிக்கவும் நேரமாகும். வானொலி நிலையத்தில் அதற்குப் பொறுமை கிடையாது.

எஸ்பி-10 மோட்டார், தட்டு சுற்றும் அதே வேகத்தில் சுற்றியது: நிமிடத்துக்கு 33⅓. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அந்த அடிப்படை அதிர்வு காதுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது.

புதிய நோய் ஒன்று கூடவே வந்தது. மோட்டாரின் கம்பிச் சுருள்கள் இரும்புப் பற்களில் சுற்றப்பட்டவை. காந்தம் ஒவ்வொரு பல்லையும் நெருங்கும்போது இழுபடுகிறது, தாண்டும்போது தயங்குகிறது. கல் பாவிய தெருவில் சைக்கிள் ஓட்டுவது மாதிரி. வேகமாக ஓடும் மோட்டாரில் இது தெரியாமல் கரைந்துவிடும். மெதுவாக ஓடுவதில் கரையாது. நொடிக்கு நான்கு முறை அளவில் சுருதி ஆடினால் நம் காது மிகக் கூர்மையாகப் பிடித்துவிடும். நீண்டு ஒலிக்கும் ஒரு பியானோ சுரம் போதும். கனமான தட்டும், 1979-ன் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் வந்த குவார்ட்ஸ் வேகக் கட்டுப்பாடும் இதை அடக்கின. வேரை அறுக்கவில்லை.

அதற்குள் டெக்னிக்ஸின் நேரடி மோட்டார்கள் வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்த்திராத இடத்துக்குப் போய்விட்டன. நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜேக்கள் தட்டைக் கையால் நிறுத்தினார்கள், பின்னோக்கி இழுத்தார்கள். பெல்ட் என்றால் வழுக்கியிருக்கும். இந்த மோட்டாரோ கையை விட்டதும் மறுபடி வேகம் பிடித்தது. நிசப்தத்துக்காகப் பிறந்த ஒன்று ஹிப்-ஹாப்பின் வாத்தியமானதை அதன் வாழ்க்கையின் மிகப் பெரிய பேறாகவே நினைக்கிறேன்.

2010-ல் எஸ்எல்-1200 தயாரிப்பு நின்றது. 2016-ல் 1,200 எண்ணிக்கை மட்டும் கொண்ட எஸ்எல்-1200ஜிஏஇ-யாகத் திரும்பி வந்தபோது மோட்டாரின் சுருள்களுக்குள் இரும்பு இல்லை. பல் இல்லாததால் காந்தத்துக்குத் தயங்க இடமும் இல்லை. இது டெக்னிக்ஸின் கண்டுபிடிப்பு என்று சொல்வது சரியல்ல. ஜெர்மனியின் டூயல் நிறுவனம் 1970களிலேயே இரும்பற்ற மோட்டாரைத் தந்திருந்தது. இரும்பை எடுத்தால் இழுவிசை குறையும். சுருள்களின் இரு பக்கமும் காந்தச் சுழலிகளை வைத்து டெக்னிக்ஸ் அதை ஈடுகட்டியது.

2018-ல் வந்த எஸ்பி-10ஆர் இதே வழியில் இன்னும் தூரம் போனது. அதன் சுழல்தட்டு 7.9 கிலோ, விளிம்பில் டங்ஸ்டன் எடைகள் பதித்திருக்கிறார்கள். மோட்டாருக்கு மின்சாரம் தரும் பகுதிக்குத் தனிப் பெட்டி. அதன் இரைச்சலும் ஊசியை நெருங்கக் கூடாது என்பதில் அவர்களுக்கு அத்தனை பிடிவாதம்.