ஆக்சிஜனும் இல்லை, வெளிச்சமும் இல்லை... உப்பள நுண்ணுயிரி எப்படிப் பிழைக்குது?

மரக்காணம் மாதிரியான உப்பளங்களில் தண்ணீர் சுண்டச் சுண்டப் பாத்தி சிவக்கும். காரணம், உப்பை விரும்பும் நுண்ணுயிரிகள். கருவாட்டில் சிவப்புப் படர்வதும் இந்த வகையறாவின் வேலைதான். அதில் ஒன்று ஹாலோபாக்டீரியம். (பெயரில்தான் பாக்டீரியா, உண்மையில் ஆர்க்கியா என்ற தனிப் பிரிவு.)

ஆக்சிஜன் இருந்தால் சுவாசிக்கும். வெயில் இருந்தால் ஒளியிலிருந்தே ஆற்றல் எடுக்கும். ஆனால் கெட்டி உப்புநீரில் ஆக்சிஜன் கொஞ்சம்தான் கரையும். ராத்திரியில் வெளிச்சமும் போச்சு. அப்போது கைகொடுப்பது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். மூன்று நொதிகள் அடுத்தடுத்து அதை உடைத்தால், ஓர் ஆர்ஜினினுக்கு ஒரு ஏடிபி மூலக்கூறு கிடைக்கும். ஏடிபிதான் செல்லின் செலவுக்காசு.

அப்போ இதை எப்பவும் செய்யலாமே? முடியாது. புரதம் கட்டவும் ஆர்ஜினின் வேண்டும். சும்மா உடைப்பது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுற மாதிரி. அதனால் நொதிகளுக்கான ஆர்க்-ஏ, ஆர்க்-பி, ஆர்க்-சி மரபணுக்கள் தேவை வந்தால்தான் வேகமெடுக்கும். சுவாசத்தை விட்டு ஆர்ஜினினுக்கு மாறும்போது இவற்றின் ஆர்.என்.ஏ நகல்கள் கூடுவதை ஜெர்மனியில் ருயெப், சொப்பா என்ற ஆய்வாளர்கள் 1996-ல் வெளியிட்டனர். பக்கத்திலேயே ஆர்க்-ஆர் என்று நான்காவது மரபணு. அதன் புரதம், பாக்டீரியாக்களில் மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் புரதங்களை ஒத்திருக்கிறது. சுவிட்ச் அதன் கையில்தான் என்று கருதப்படுகிறது.