கௌபாய் படங்கள்: 20 வருஷம்தான் நடந்தது, 120 வருஷமா ஏன் இந்த ஏக்கம்?

‘யெல்லோஸ்டோன்’ தொடரை வீக்கெண்டில் உட்கார்ந்து பார்த்து முடித்தவர் என்றால், அடுத்து உங்கள் ஓடிடி திரையில் சில கறுப்பு வெள்ளைக் குதிரைக்காரர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள். ‘கன்ஸ்மோக்’, ‘தி ரைஃபிள்மேன்’, ‘மேவரிக்’ என்று பெயர்கள் இருக்கும். எல்லாம் உங்கள் தாத்தா காலத்துச் சரக்கு. இதையெல்லாம் இன்னும் யார் பார்க்கிறார்கள் என்று தோன்றும். பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பழைய தொடர்களுக்கென்றே இருக்கும் மீடிவி போன்ற சேனல்களில் இவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ‘அந்தக் காலத்து டிவி மாதிரி வருமா?’ என்று அங்கேயும் ஒரு தலைமுறை உருகுகிறது.

இந்த ஏக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1950களில் இந்தத் தொடர்களை எடுத்தவர்களும் ஏக்கத்தில்தான் எடுத்தார்கள். அவர்களுக்கு முன்னால் 1903-ல் ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’ எடுத்தவர்களும் அப்படித்தான். அப்படியானால் எல்லோரும் ஏங்கும் அந்தக் காலம் எப்போதுதான் இருந்தது? யாருக்கு இருந்தது?

டிவியில் குதிரை மட்டுமே ஓடிய காலம்

முதலில் ஒரு கணக்கு. 1958-59 சீசனில் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த முதல் 10 டிவி நிகழ்ச்சிகளில் 7 வெஸ்டர்ன் வகை. இன்று நம் சேனல்களில் மாமியார் மருமகள் சீரியல் எப்படியோ, அன்று அங்கே கௌபாய் அப்படி.

இதில் பெரிய அண்ணன் ‘கன்ஸ்மோக்’. 1952-ல் ரேடியோ நாடகமாகத் தொடங்கி 1955-ல் டிவிக்கு வந்தது. கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில் ஒரு மார்ஷல், ஒரு டாக்டர், ஒரு மதுக்கடைக்காரி. இவர்களை வைத்தே 1975 வரை 20 சீசன், 635 எபிசோட். மார்ஷல் மேட் டில்லனாக ஜேம்ஸ் ஆர்னஸ் முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை நடித்தார். 1967-ல் சேனல் இதை நிறுத்த முடிவு செய்தபோது, சிபிஎஸ் தலைவர் வில்லியம் பேலியே தலையிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கு இடம் விட்டுக்கொடுத்துக் காணாமல் போன தொடர் ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’.

ஏன் இவ்வளவு வெஸ்டர்ன்? பெரிய தத்துவமெல்லாம் இல்லை, செலவுக் கணக்குதான் முக்கியக் காரணம். ஹாலிவுட் ஸ்டூடியோக்களிடம் மரவீடுகள் கொண்ட தெரு செட், குதிரைகள், தொப்பிகள், பழைய படங்களில் எடுத்து மிச்சமிருந்த மாட்டு மந்தைக் காட்சிகள் எல்லாம் தயாராக இருந்தன. பெயர்ப் பலகையை மாற்றினால் அதே தெரு வேறு ஊர். 1959-ல் என்பிசி தொடங்கிய ‘பொனான்ஸா’ முதல் எபிசோடிலிருந்தே கலர். என்பிசியின் தாய் நிறுவனம் ஆர்சிஏ அப்போது கலர் டிவி பெட்டிகள் விற்றுக்கொண்டிருந்தது. பச்சை மரங்களும் நீல ஏரியும் ஏன் அவ்வளவு பளிச்சென்று இருந்தன என்பது புரிந்திருக்குமே!

நிஜ கௌபாய்க்கு என்ன ஆச்சு?

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் நீளக்கொம்பு மாடுகள் லட்சக்கணக்கில் இருந்தன. அங்கே ஒரு மாடு ஏறக்குறைய 4 டாலர். வடக்கே நகரச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் அதே மாடு 40 டாலர் வரை. நடுவில் ரயில் இல்லை. அதனால் மந்தையை ரயில் வரும் ஊர் வரைக்கும் நடத்தியே கூட்டிப்போக வேண்டும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில். இந்த வேலையைச் செய்தவர்தான் கௌபாய். மாதச் சம்பளம் 30, 40 டாலர். தூசி, மழை, தூக்கமின்மை. அவருடைய உண்மையான எதிரி வில்லன் அல்ல, இடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் மாடுகள்.

1874-ல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். திறந்த புல்வெளி மெல்ல மெல்ல வேலிகளாகப் பிரிந்தது. ரயில் பாதை டெக்சாஸுக்குள்ளேயே வந்துவிட்டது. 1886-87 குளிர்காலத்தின் பனியில் வடக்குச் சமவெளிகளில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கதை முடிந்தது. மொத்தமாகப் பார்த்தால் சுமார் 20 வருஷம். ‘கன்ஸ்மோக்’ தொடர் ஓடியதும் அதே 20 வருஷம்தான்.

துப்பாக்கிச் சண்டை? அது சினிமா காட்டிய அளவுக்கு இல்லை. டாட்ஜ் சிட்டி, டூம்ஸ்டோன் போன்ற ஊர்களுக்குள் ஆயுதம் எடுத்து வரவே தடை இருந்தது. புகழ்பெற்ற ஓ.கே. கொரல் சண்டை, 1881 அக்டோபர் 26, அந்தத் தடையை அமல்படுத்தப் போய் வெடித்ததுதான். நீடித்தது சுமார் 30 நொடி. அந்த 30 நொடியை வைத்து ஹாலிவுட் எத்தனை மணி நேரம் படம் எடுத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் சுவாரஸ்யம் இதுதான்: அந்தக் காலம் முடிவதற்கு முன்பே அதை டிக்கெட் போட்டு விற்கத் தொடங்கிவிட்டார்கள். பஃபலோ பில் தன் ‘வைல்டு வெஸ்ட்’ காட்சியை 1883-ல் ஆரம்பித்தார். லக்கோட்டா தலைவர் சிட்டிங் புல், தன் மக்களின் நிலத்தையும் தன் சுதந்திரத்தையும் இழந்த பிறகு, 1885-ல் சில மாதங்கள் அதே காட்சியில் பார்வையாளர் முன் குதிரையில் வந்துபோனார். ஐந்தே வருடத்தில், கைது செய்ய வந்த போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓ.கே. கொரலில் சுட்ட வயட் அர்ப் 1929 வரை உயிரோடு இருந்து, லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் இருவர் மௌனப் பட கௌபாய் ஹீரோக்கள்: வில்லியம் எஸ். ஹார்ட், டாம் மிக்ஸ்.

அப்போ எதற்குத்தான் ஏங்குகிறார்கள்?

மாடு மேய்ப்பதற்கு இல்லை என்பது நிச்சயம். ஒரு கறுப்பு வெள்ளை எபிசோடைப் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும். ஊருக்கு ஒருவன் வருகிறான், தப்பு நடக்கிறது, ஒருத்தர் எழுந்து நிற்கிறார், அரை மணி நேரத்தில் விஷயம் தீர்கிறது. மீட்டிங் இல்லை, மெயிலில் நான்கு பேருக்கு காப்பி போடுவது இல்லை, ‘இதை அடுத்த காலாண்டில் பார்க்கலாம்’ இல்லை. முடிவெடுத்த ஆளே பின்விளைவையும் சுமக்கிறார். அலுவலகத்தில் 12 மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்கு இந்த எளிமை ஒரு போதை. வெளியே பனிப்போரும் அணுகுண்டு பயமும் இருந்த 1950களின் அமெரிக்கருக்கும் அது அப்படித்தான் இருந்தது.

ஆனால், நல்ல வெஸ்டர்ன்கள் அந்த எளிமையை அப்படியே விழுங்கவில்லை. 1952-ல் வந்த ‘ஹை நூன்’ பாருங்கள். 85 நிமிஷம். மதியம் 12 மணி ரயிலில் கொலைகாரன் வருகிறான். மார்ஷல் கேரி கூப்பர் ஊர் முழுக்க உதவி கேட்டு நடக்கிறார். ஒவ்வொருவரும் ஒரு நியாயம் சொல்லி நழுவுகிறார்கள். கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், அப்போது கம்யூனிஸ்ட் வேட்டையில் நாடாளுமன்றக் குழு முன் நிறுத்தப்பட்டவர். நண்பர்கள் ஒவ்வொருவராக விலகியதைத்தான் ஊர்க்காரர்களாக எழுதினார். பிறகு வேலை கிடைக்காமல் இங்கிலாந்துக்குப் போனார். ஜான் வெய்னுக்கு இந்தப் படம் அறவே பிடிக்கவில்லை. அதற்குப் பதிலடியாக இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுடன் சேர்ந்து 1959-ல் ‘ரியோ பிராவோ’ எடுத்தார். இரண்டுமே அருமையான படம் என்பதுதான் சங்கடம்.

வியட்நாம் போர் படங்கள் வரவேற்பறைக்கே வந்த பிறகு, சுடுகிறவன் நல்லவன் என்ற கணக்கு உதைத்தது. 1969-ல் ‘தி வைல்டு பஞ்ச்’ ரத்தத்தை ரத்தமாகவே காட்டியது. டிவியில் குதிரைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

ஃபிரேமுக்கு வெளியே நின்றவர்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீங்க. பழைய வெஸ்டர்னை ரசிக்கிறோம் என்றால், அதில் யார் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கௌபாய்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. தொழிலே மெக்சிகோவின் வக்கேரோக்களிடம் கற்றது. ‘லாசோ’, ‘ரான்ச்’, ‘ரோடியோ’ எல்லாம் ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொற்கள். அடிமையாகப் பிறந்து 30 வருஷத்துக்கு மேல் துணை மார்ஷலாக வேலை பார்த்த பாஸ் ரீவ்ஸ், மேட் டில்லனைப் போலக் கற்பனை அல்ல, ரத்தமும் சதையுமான ஆள். அவர் பெயரிலேயே ஒரு பெரிய டிவி தொடர் வந்தது 2023-ல்!

பூர்வகுடிகள் விஷயம் இன்னும் கசப்பு. ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) உலகின் சிறந்த படங்கள் பட்டியல்களில் தவறாமல் வரும். அதில் கொமாஞ்சி தலைவன் ஸ்காராக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த வெள்ளைக்காரர் ஹென்றி பிராண்டன். படத்தில் டெக்சாஸ் என்று காட்டப்படும் மானுமென்ட் வேலி உண்மையில் நவஹோ மக்களின் நிலம். கொமாஞ்சிகளாகக் குதிரையில் வருபவர்களும் நவஹோக்கள். பிழைப்புக்கு அந்தக் கூலி தேவைப்பட்டது, வந்தார்கள். 1964-ல் ஃபோர்ட் எடுத்த ‘செயென் ஆட்டம்’ படத்தில் செயென் மக்களாக நடித்தவர்கள் பேசுவதும் நவஹோ மொழிதான். சோகமான காட்சிகளில் அவர்கள் பேசுவது வசனத்துக்குச் சம்பந்தமே இல்லாத கிண்டல் என்று அந்த மொழி தெரிந்தவர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

‘தி லோன் ரேஞ்சர்’ தொடரில் (1949-57) டோண்டோவாக வந்த ஜே சில்வர்ஹீல்ஸ், கனடாவைச் சேர்ந்த மோஹாக். லாக்ராஸ் விளையாட்டு வீரர். அந்தக் காலத்தில் பூர்வகுடிப் பாத்திரத்தில் ஒரு பூர்வகுடியே நடித்தது அபூர்வம். ஆனால் டோண்டோவுக்கு எழுதப்பட்டது உடைந்த ஆங்கிலம். ‘டோண்டோ’ என்றால் ஸ்பானிய மொழியில் மடையன் என்று பொருள். அந்தப் பெயரோடே பிரபலமான சில்வர்ஹீல்ஸ், பிற்பாடு பூர்வகுடி நடிகர்களுக்கென ஒரு பயிற்சிப் பட்டறை தொடங்கினார்.

சிவகாசிக்கு வந்த நவஹோ தலைவர்

வெஸ்டர்னை அமெரிக்கா மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஜப்பானில் அகிரா குரோசாவா எடுத்த ‘யோஜிம்போ’வை (1961) இத்தாலியின் செர்ஜியோ லியோனே அனுமதி கேட்காமல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964) ஆக்கினார். ஸ்பெயின் பொட்டலில் படப்பிடிப்பு, என்னியோ மோரிகோனே இசை, டிவியில் ‘ராஹைடு’ நடித்துக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட் ஹீரோ. ஜப்பான் தரப்பு வழக்குப் போட்டு, கடைசியில் பணம் வாங்கியது.

அந்தக் காற்று கோடம்பாக்கத்திலும் அடித்தது. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையேறிய ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ இரண்டும் 1972. வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், தலைவர் பெயரைச் சொன்னதும் முகம் மாறும். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லருக்கு இன்றும் தனி ரசிகர் படை. 1948-ல் இத்தாலியில் பிறந்த இந்த ரேஞ்சர், நவஹோ பெண்ணை மணந்து அந்த மக்களுக்கே தலைவரானவர். தமிழ் வாசகர்களுக்கு அவர் ‘இரவுக் கழுகார்’. ஹாலிவுட் வில்லனாக்கிய மக்கள் பக்கம் நின்ற ஹீரோவைத்தான் நம்மவர்கள் சுவீகரித்துக்கொண்டார்கள். 2023-ல் வந்த ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே. ஈஸ்ட்வுட் பைத்தியமான ரவுடியை வைத்து, காட்டைவிட்டுத் துரத்தப்படும் பழங்குடிகளின் கதையைச் சொன்னது.

எங்கிருந்து தொடங்கலாம்?

635 எபிசோடும் பார்க்க உட்காராதீங்க, ப்ளீஸ். ‘ஹை நூன்’ பார்த்துவிட்டு ‘ரியோ பிராவோ’ பாருங்கள், அந்தச் சண்டை புரியும். ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தை ஸ்கார் யார் என்பது தெரிந்தே பாருங்கள். ‘அன்ஃபர்கிவன்’ (1992) கடைசியில் இருக்கட்டும். 4 ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தில் ஈஸ்ட்வுட் தான் நடித்த பழைய ஹீரோக்களிடமே கணக்குக் கேட்கிறார். ஓடிடி சந்தா இல்லையென்றால் ஜான் வெய்னின் ‘ஏஞ்சல் அண்ட் தி பேட்மேன்’ (1947) உண்டு. காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் அமெரிக்காவில் அது பொதுச்சொத்து.

‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ பார்ப்பதென்றால் எந்த மொழியில் என்று ஒரு கேள்வி இருக்கிறது. 2021 நவம்பரில் அந்தப் படம் முழுக்க நவஹோ மொழியில் டப் செய்யப்பட்டு, அரிசோனாவில் நவஹோ தேசத்தின் தலைநகர் விண்டோ ராக்கில் திரையிடப்பட்டது. ‘ஸ்டார் வார்ஸ்’, ‘ஃபைண்டிங் நீமோ’வுக்குப் பிறகு அந்த மொழிக்கு வந்த மூன்றாவது பெரிய படம் அது. பேசுகிறவர்கள் குறைந்துவரும் மொழியைக் காப்பாற்ற எடுத்த முயற்சி. அந்த மக்களின் பெரியவர்களும் வெஸ்டர்ன் பார்த்தே வளர்ந்தவர்கள். குரல் கொடுத்தவர்கள் எல்லோரும் நவஹோ பேசுகிறவர்கள். படத்தில் பூர்வகுடிப் பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது.