திராட்சையும் நம் அடுப்பங்கரையும்

திராட்சையிலிருந்து போதைப்பொருளும் உண்டாகிறது, நல்ல உணவும் கிடைக்கிறது என்பதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் நினைவூட்டுகிறது. இவ்விரண்டையும் பிரிப்பதில் காலத்திற்குப் பெரும் பங்குண்டு.

நபி (ஸல்) அவர்களுக்காக உலர்திராட்சை நீரில் ஊறவைக்கப்படும். அதனை அன்றும், மறுநாளும், மூன்றாம் நாள் மாலை வரையிலும் அருந்துவார்கள்; பின்னர் மீந்ததைப் பணியாளருக்குப் புகட்டவோ கொட்டிவிடவோ பணிப்பார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

அரபியில் திராட்சை 'இனப்' எனப்படும். ஹைதராபாத்தில் புகழ்பெற்ற 'அனாபிஷாஹி' வகையின் பெயரில் அச்சொல்லே ஒலிக்கிறது. நம் மாநிலத்தில் கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

தொப்பூரில் நம் வீடுகளிலும் இக்கனியைச் சமைக்கலாம். விதை நீக்கிய பன்னீர் திராட்சையைச் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துக் கெட்டியாகும்வரை காய்ச்சினால் இனிப்பு. புளிப்புத் திராட்சையை நறுக்கித் தயிரும் உப்பும் கலந்து, கடுகும் பச்சைமிளகாயும் தாளித்தால் பச்சடி. உலர்திராட்சையை இரவில் ஊறவைத்தால் காலையில் பானம்.

நம் ஊர் வெயிலில் ஊறல் நீர் விரைவில் புளித்துவிடும். நுரைத்தாலோ வாடை மாறினாலோ நாளை எண்ணாமல் கொட்டிவிடுங்கள். ஹலாலைப் பேணும் பொறுப்பு அடுப்பங்கரையிலும் நமக்கு உண்டு. அல்லாஹ் நம் உணவில் பரக்கத் செய்வானாக!