மண்ணுக்குள் வாழும் நம் ஊர் அரணை



உப்புவெளி யுத்த மயானத்தை நாம் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறோம். அந்த இரண்டாம் உலகப் போருக்கும் நம் மண்ணில் வாழும் ஒரு சிற்றுயிருக்கும் தொடர்புண்டு.

போரின் கடைசிக் காலத்தில், காட்டில் உயிர்பிழைக்கும் வழிகளைப் படையினருக்குக் கற்றுக்கொடுக்க இலங்கை வந்தவர் எட்வர்ட் டெய்லர். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர், ஊர்வன ஆய்வாளர். வந்த இடத்தில் நம் நாட்டு அரணைகளையும் ஆராய்ந்தார். 1950 இல் புதிய இனமொன்றை உலகுக்கு அறிவித்து, கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளர் பி. ஈ. பி. தெரணியகலவின் பெயரைச் சூட்டினார்: நெசியா தெரணியகலாய். திருகோணமலைப் பக்கத்து உயிர் அது. நெசியா அரணைகள் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை.

இவற்றுக்கு மண்புழுப் போல நீண்ட உடம்பு. சிலவற்றுக்குக் கால்களே இல்லை. சிலவற்றுக்குப் பெயருக்குச் சின்னக் கால்கள். இளகிய மண், சருகு, உக்கிய மரம் இவற்றின் அடியில்தான் சீவியம்.

"அரணை கடித்தால் மரணம்" என்பது வெறும் பேச்சு. அரணைக்கு விஷமில்லை. ஆனாலும் வளவைக் கொத்தும்போது பாம்புக்குட்டி என்று நினைத்து மண்வெட்டியால் வெட்டிவிடுகிறோம். சருகைக் குவித்துக் கொளுத்தினால் அதன் வீடும் போகிறது.

அடுத்த முறை கண்டால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதுவும் அல்லாஹ்வின் படைப்புத்தான்.