தசையினுள் ஒளி

ஊடுகதிர் 1895 ஆம் ஆண்டிற் கண்டறியப்படுவதற்கு முன்னரே, உடலின் அகத்தை வெறும் ஒளிகொண்டு அறிய வைத்தியர் முயன்றனர். மூளையில் நீர் பெருகித் தலை பருத்த ஒருவனின் பின்னே மெழுகுதிரியைப் பிடித்தபோது அத்தலை ஒளி கசியத் தோன்றியமையை, இலண்டன் கைஸ் வைத்தியசாலை வைத்தியரான றிச்சாட் பிறைற் 1831 இல் எழுதி வெளியிட்டார்.

பின்னர் மெழுகுதிரியின் இடத்தை மின்விளக்குப் பெற்றது. நியூயோர்க்கில் மாக்ஸ் கற்லர் 1929 இல் இருட்டறையிலே மார்பகத்தினூடாக ஒளி பாய்ச்சி ஆராய்ந்தார். தெளிநீர்க் கட்டி ஒளிர்ந்தது. திண்மக் கட்டியும் குருதித் தேக்கமும் நிழலாயின. ஆயினும் ஆழத்திலுள்ள சிறு கட்டியின் நிழல் மங்கிக் கரைந்துவிடும். விளக்கைப் பெரிதாக்கினும் வெப்பமே மிகும். பாற்குவளையுள் இட்ட கரண்டி தெரியாமைக்குக் காரணம் பால் ஒளியை விழுங்குவதன்று, சிதறடிப்பதேயாம். இழையமும் அத்தகையதே. குறை ஒளியின் அளவிலன்று, அது நெறிதவறி அலைவதிலே இருந்தது.

டியூக் பல்கலைக்கழகத்துப் பிரான்ஸ் யொப்சிஸ், குருதியும் நீரும் குறைவாக உறிஞ்சும் செங்கீழ் ஒளி மண்டையோட்டையும் கடந்து மூளையின் ஒட்சிசன் நிலையைக் காட்டும் என 1977 இல் நிறுவினார். சிதறல் அப்போதும் வெல்லப்படவில்லை. மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்து ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் 1991 இல், குறித்த தூரம் சென்று மீண்ட ஒளியை மட்டும் தலையீட்டு முறையாற் பிரித்தெடுத்து, விழித்திரையின் படைகளை வெட்டாமலே படமாக்கினர். ஒளி தெளிவாகப் புகாத இழையத்திலோ அம்முறையின் பார்வை இரண்டொரு மில்லிமீற்றருடன் நின்றுவிடுகின்றது. கற்லர் தேடிய கட்டிகள் அதனினும் ஆழத்தில் உள்ளன.